650 மில்லி ஸ்ட்ராங் பீர்: ஓசூரிலிருந்து ஒரு விமர்சனம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். நன்றாகக் கூலிங் ஏறிய கிங்ஃபிஷர் ஸ்ட்ராங், முதல் நாலு மடக்குக்கு நல்ல பீர். பாதி பாட்டில் வரைக்கும் பரவாயில்லை. கடைசிக் கால் பாட்டிலைக் காசு கொடுத்த பாவத்துக்குத்தான் குடிக்க வேண்டும். பத்துக்கு ஐந்தரை.

இனி நேரமிருப்பவர்களுக்கு.

கிங்ஃபிஷர் பெயரைச் சொன்னாலும் இது அந்த ஒரு பிராண்டைப் பற்றியது மட்டுமில்லை. ஹேவர்ட்ஸ் 5000, டூபோர்க் ஸ்ட்ராங், கார்ல்ஸ்பெர்க் எலிஃபண்ட், நம் ஊர்க் கடைகளில் மட்டும் கிடைக்கும் இன்னும் பல பெயர்கள், எல்லாமே ஒரே குடும்பம். கண்ணைக் கட்டிவிட்டு நாலு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் எது எது என்று சரியாகச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. பட்வைசர் மேக்னம் கொஞ்சம் தள்ளி நிற்கும், மற்றவற்றில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை போகும்போது அதன் பலம் 6.5 சதவீதம்தான் என்பதால். இந்தியாவில் விற்கிற பீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்த ஸ்ட்ராங் ரகம்தான். அதாவது இந்தப் பாட்டிலை எடைபோட்டால் நாட்டின் பீர் சந்தையையே எடைபோட்ட மாதிரி. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் நாலரை, ஐந்து சதவீத லாகர்தான் அன்றாடப் பீர். எட்டு சதவீதம் என்பது அங்கே தனி அலமாரியில், சின்ன பாட்டிலில், மெதுவாகக் குடிக்க வேண்டிய சமாச்சாரம். நாம் மட்டும் அதை 650 மில்லியில், வெயிலுக்கு மோர் குடிப்பதுபோல் குடிக்கிறோம்.

ருசிக்கு வருவோம். கிளாஸில் ஊற்றினால் நல்ல பொன்னிறம், துல்லியமாகத் தெளிந்திருக்கும். நுரை வேகமாக எழும், அதே வேகத்தில் அடங்கிவிடும். கிளாஸின் ஓரத்தில் ஒட்டி நிற்கும் வகை நுரை இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் வேகவைத்த மக்காச்சோளம், கொஞ்சம் இனிப்பு, அதற்கு அடியில் ஆல்கஹாலின் நெடி. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை என்று ஒன்று இருக்க வேண்டும், தேடினாலும் சரியாகப் பிடிபடாது. வாயில் வைத்ததும் குளிரும் வாயுவும் சேர்ந்து நாக்கைக் கிள்ளும், அது சுகம்தான், மறுக்கவில்லை, சித்திரை வெயிலில் சிப்காட் ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு அதைவிடப் பெரிய சுகத்தைக் காட்டச் சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் பத்து நிமிஷம் போகட்டும். குளிர் இறங்க இறங்க இனிப்பு மேலே வருகிறது, தொண்டையில் ஒரு சூடு தங்குகிறது, கசப்பு போதாததால் அந்த இனிப்பைத் தூக்கிப் பிடிக்க ஆளே இல்லை. நம் ஆட்கள் "கூலிங் இருக்கா?" என்பதை முதலில் கேட்டுவிட்டு, பிராண்டை அப்புறம் கேட்பதன் காரணம் இதுதான். குளிர் இருந்தால் நாக்கு பாதி மரத்துவிடும், குறை தெரியாது.

ஏன் இப்படி ஒரு ருசி? மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, மட்டும் வைத்துக்கொண்டு எட்டு சதவீதம் வரை பலம் ஏற்றலாம். ஜெர்மனியில் அதற்கென்றே வகைகள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் பீர் கனமாக, ரொட்டி வாசனையோடு வரும், செலவும் ஏறும். அதனால் இங்கே அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை என்று விலை குறைவான மாவுச்சத்தையும் இனிப்பையும் சேர்த்து நொதிக்க வைக்கிறார்கள். சர்க்கரை முழுசாக நொதித்து ஆல்கஹாலும் வாயுவுமாக மாறிவிடும், பீரின் உடம்புக்கு, அதாவது வாயில் தெரியும் கனத்துக்கு, ஒன்றும் மிஞ்சாது. கிடைப்பது பலம் அதிகம், உடம்பு மெலிவு என்ற விநோதமான பீர். அரிசியும் சோளமும் போட்டாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெரிய பிராண்டுகள் அதைத்தான் செய்கின்றன, ஆனால் அவை ஐந்து சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதால் அந்த மெலிவு ஒரு லேசான, சுத்தமான ருசியாக வருகிறது. எட்டு வரை போகும்போதுதான் நெடி தலைகாட்டுகிறது.

லேபிளில் "8 சதவீதத்துக்கு மிகாமல்" என்றுதான் இருக்கும். சரியாக எவ்வளவு என்று இருக்காது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி 5 சதவீதம் வரை சாதா, அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். மிகாமல் என்பதால் ஏழரையாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம்.

கிளிசரின் கதைக்கும் இங்கேயே ஒரு முடிவு கட்டிவிடலாம். பாட்டிலைத் தலைகீழாகத் தண்ணீர் கிளாஸில் கவிழ்த்தால் எண்ணெய் மாதிரி ஒன்று கீழே இறங்கும், அதுதான் கிளிசரின், அதை இறக்கிவிட்டுக் குடித்தால் தலைவலி வராது என்று ஒவ்வொரு நண்பர் வட்டத்திலும் ஒருவர் செய்துகாட்டுவார். இறங்குவது பீர்தான். நொதித்து முடிந்த பிறகும் அதில் கொஞ்சம் கரைந்த பொருள் மிச்சமிருப்பதால் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தி அதிகம், அதனால் கீழே வழிகிறது, மேலே தண்ணீர் ஏறுகிறது. கிளிசரின் என்கிற கிளிசரால், ஒயின், பீர் எதை நொதிக்க வைத்தாலும் ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் உண்டாக்குகிற பொருள். கவிழ்த்து வைப்பதால் நடப்பது ஒன்றே ஒன்று: காசு கொடுத்து வாங்கிய பீரில் தண்ணீர் கலக்கிறீர்கள். மறுநாள் தலைவலிக்குக் காரணம் எட்டு சதவீதம் ஐயா, எட்டு சதவீதம்.

சரி, ருசி இவ்வளவுதான் என்றால் ஏன் இதுவே விற்கிறது? ஆலைக்காரர்களுக்கு நல்ல பீர் காய்ச்சத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் மாநிலங்களில் பல காலமாகப் பீருக்கு வரி போட்டது அளவைப் பார்த்து, பலத்தைப் பார்த்து இல்லை. லிட்டருக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று. அதில் 5 சதவீதமும் 8 சதவீதமும் கிட்டத்தட்ட ஒரே தராசில் நிற்கும், விலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். இப்போது வாங்குகிறவர் பக்கம் நின்று கணக்குப் போடுங்கள். 650 மில்லி சாதா பீரில் சுத்த ஆல்கஹால் அதிகபட்சம் 32 மில்லிச் சொச்சம். அதே பாட்டில் ஸ்ட்ராங்கில் 52 மில்லி வரை. கடையில் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும் பிராந்தி குவார்ட்டரில், 42.8 சதவீதக் கணக்கில் 180 மில்லிக்கு, 77 மில்லி. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் விலை ஏறியபோது சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. ஸ்ட்ராங் பீர் பாட்டில் அதைவிட அதிக விலை. போதைக்காக வாங்குகிறவர் குவார்ட்டரைத்தான் எடுப்பார். அந்த ஆளைக் கொஞ்சமாவது தன் பக்கம் இழுக்க வேண்டுமென்றால் பீர் தன் பலத்தை ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஸ்ட்ராங் பீர் என்பது பிராந்தியோடு போட்டி போடச் செய்த பீர். நம் பாட்டிலின் சமையல் குறிப்பை எழுதியதில் கலால் துறைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

இதனால்தான் மொத்தக் கணக்கிலும் நாம் பீர் நாடு இல்லை. தலைக்கு வருஷத்துக்கு 2 லிட்டரைச் சுற்றித்தான் நிற்கிறோம். செக் நாட்டில் 120 லிட்டருக்கு மேல். அது வேண்டாம், சீனாவைப் பார்த்தாலே நம்மைப்போல் பல மடங்கு. இந்த 2 லிட்டரைக் காட்டித்தான் வெளிநாட்டுக் கம்பெனிகள் "இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள்" என்று சொல்லிச் சொல்லி உள்ளே வந்தன. கிங்ஃபிஷரின் தாய் நிறுவனமான யுனைடெட் புரூவரீஸ், 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து உண்டாக்கியது. அதில் ஒன்று நீலகிரியில் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அப்புறம் விட்டல் மல்லையா, விஜய் மல்லையா என்று போய், 2021இல் நெதர்லாந்தின் ஹைனெகன் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது. ஹேவர்ட்ஸ் 5000 ஷா வாலஸில் தொடங்கி, எஸ்ஏபி மில்லரிடம் போய், 2016இல் பட்வைசர்காரர்களான ஏபி இன்பெவ் கைக்குப் போனது. டூபோர்க் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க்குடையது. பாட்டில் நம் ஊர்ப் பாட்டில்தான், முதலாளிகள் மூன்று பேரும் ஐரோப்பாவில்.

இந்த மூன்று பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். மாநில அரசுகளிடம் விலை கேட்கும்போது தனித்தனியாகக் கேட்காமல், பின்னால் பேசிவைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். 2021 செப்டம்பரில், கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கும் இந்தியப் போட்டி ஆணையம் யுனைடெட் புரூவரீஸுக்குச் சுமார் 752 கோடி, கார்ல்ஸ்பெர்க் இந்தியாவுக்குச் சுமார் 121 கோடி அபராதம் போட்டது. முதலில் போய் ஒப்புக்கொண்ட ஏபி இன்பெவுக்கு அபராதம் முழுத் தள்ளுபடி. 2022இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. நான் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை, ஆனால் பின்னணியையும் பார்க்க வேண்டும்: பல மாநிலங்களில் பீர் விலையை ஆலை வைப்பதில்லை, அரசுதான் வைக்கிறது. பார்லி, கண்ணாடி, டீசல் எல்லாம் ஏறினாலும் விலை ஏற்ற அரசிடம் மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். தெலங்கானாவில் 2025 ஜனவரியில் அது வெடித்தது. விலை பல வருஷமாக அப்படியே இருக்கிறது, அரசு கழகத்திலிருந்து வர வேண்டிய பாக்கியும் வரவில்லை என்று யுனைடெட் புரூவரீஸ் சப்ளையையே நிறுத்தியது. சில நாள்களில் திரும்பத் தொடங்கியது, பிப்ரவரியில் அரசு 15 சதவீதம் விலை ஏற்றிக் கொடுத்தது. ஹைதராபாத்தில் கிங்ஃபிஷர் கிடைக்காமல் போகிறது என்று அந்த வாரம் வாட்ஸ்அப்பில் ஓடிய புலம்பலைப் பார்த்தால் துக்க வீடு தோற்றுவிடும்.

இதைவிட வேடிக்கை பீரா 91 கதை. 2015இல் வந்து, ஸ்ட்ராங் இல்லாமலும் இளைஞர்களிடம் விற்க முடியும் என்று காட்டிய பிராண்ட். அதன் கோதுமை பீர் நிஜமாகவே நன்றாக இருந்தது. பங்குச் சந்தைக்குப் போகும் ஏற்பாட்டில் கம்பெனிப் பெயரிலிருந்து "பிரைவேட்" என்ற ஒரே வார்த்தையை எடுத்தார்கள். நம் நாட்டில் ஒவ்வொரு மாநிலத்திலும் லேபிளைத் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பெயர் மாறியதால் எல்லா லேபிளும் திரும்பப் பதிவு, அதற்குள் மாதக்கணக்கில் விற்பனை முடக்கம், பழைய லேபிள் ஒட்டிய சுமார் 80 கோடி ரூபாய்ச் சரக்கு வீண். அந்த 2023-24 நிதியாண்டில் நஷ்டம் 748 கோடி, விற்ற மொத்தத் தொகையே அதைவிடக் குறைவு. ருசியில் ஜெயித்து லேபிளில் தோற்ற பீர்.

மாநிலத்துக்கு மாநிலம் இந்தச் சுவர் இருப்பதால் ஓசூர்க்காரனுக்கு ஒரு தனி வசதி உண்டு. பாகலூர் ரோட்டில் ஒரு பாட்டில், ஏழெட்டு கிலோமீட்டர் தாண்டி கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் அதே பெயரில் இன்னொரு பாட்டில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் (குடிக்கிற இடத்தை அந்தந்த மாநிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலை எல்லை தாண்டி எடுத்து வந்தால் செக்போஸ்டில் பதில் சொல்ல வேண்டும்). எல்லை தாண்டிப் பீரைக் கொண்டுபோனால் கூடுதல் வரி என்பதால் கம்பெனிகள் மாநிலத்துக்கு மாநிலம் ஆலை வைத்திருக்கின்றன. அதனால் இங்கே வாங்குவது திருவள்ளூர் பக்கம் காய்ச்சியதாக இருக்கும், அங்கே வாங்குவது நெலமங்கலா, நஞ்சன்கூடு பக்கம். "கர்நாடகா பீர்தான் டேஸ்ட், நம்ம ஊரு சரக்கு மட்டம்" என்று ஒரு கட்சி இங்கே எப்போதும் உண்டு. எனக்குத் தெரிந்த வித்தியாசம் தேதியிலும் வைத்திருந்த விதத்திலும்தான். போன மாதம் நிரப்பிய பாட்டில் எந்த மாநிலத்தில் வாங்கினாலும் நன்றாக இருந்தது. ஐந்து மாதமான, வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்த பாட்டில் எந்த மாநிலத்திலும் அட்டைப்பெட்டி வாசனை அடித்தது.

கர்நாடகத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பீர் மீதான கூடுதல் கலால் வரி 2023 ஜூலையில் 175 சதவீதத்திலிருந்து 185 ஆனது, அப்புறமும் ஏறியது. 2025 ஜனவரியில் இன்னொரு மாற்றம்: அடிப்படை வரியை ஏற்றும்போது 5 சதவீதத்துக்கு மேற்பட்ட பீருக்குச் சாதாவைவிட அதிகமாக ஏற்றினார்கள். பலத்தைப் பார்த்து வரி போடுவது சரியான திசை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஸ்ட்ராங்கை ஏற்றும்போது சாதாவை இறக்கியிருந்தால்தானே ஜனங்கள் அந்தப் பக்கம் நகர்வார்கள்? இரண்டையும் ஏற்றினால் நகர்வது குவார்ட்டர் பக்கம்.

ஒப்பீட்டுக்கு பெங்களூரின் மைக்ரோ புரூவரி (அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் கடை) பீரையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து திட்டுவீர்கள். இந்திராநகரில் 2010இல் தொடங்கிய டாயிட் என்ற இடத்தில் கிடைக்கும் கோதுமை பீரைக் குடித்துவிட்டு ஸ்ட்ராங் பாட்டிலைத் திறந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதே அநியாயமாகப் படும். கலங்கலாக, நிற்கிற நுரையோடு, வாழைப்பழமும் கிராம்பும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனைக்கு எதையும் சேர்ப்பதில்லை, அந்த ஈஸ்ட்டின் வேலை அது. பாஸ்மதி அரிசி போட்டு ஒரு லேசான பீரும் வைத்திருக்கிறார்கள். அரிசி போட்டால் பீர் கெட்டுவிடும் என்கிறவர்கள் அதைக் குடித்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரு கிளாஸுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே ஒன்றுக்கு மேல் பாட்டில் வரும், உட்கார்ந்தால் சாப்பாடு, சர்வீஸ் சார்ஜ், வண்டிக் கூலி என்று பில் வேறு எங்கோ போய் நிற்கும். தினக்கூலிக்காரருக்கும் லைன் மேனுக்கும் அது பதில் இல்லை. பாண்டிச்சேரியிலும் கட்டமரான் என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம்.

பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. தோளிலும் இடுப்பிலும் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் இருந்தால் அது பல முறை கழுவி நிரப்பிய பாட்டில், பயப்பட ஒன்றுமில்லை. நம் பீர்த் தொழிலே பழைய பாட்டிலை நம்பித்தான் ஓடுகிறது. புதுக் கண்ணாடி வாங்கினால் கட்டுப்படியாகாது. டாஸ்மாக்கில் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. காட்டில் யானை மிதிக்கும் பாட்டில் துண்டுகள் பற்றி உயர் நீதிமன்றம் கேட்ட கேள்வியில் பிறந்த திட்டம். குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லாத ஒரே பகுதி இதுதான், ஸ்டிக்கரைக் கிழித்துவிடாமல் திருப்பிக் கொடுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் தேதி. லேபிளிலோ மூடிப் பக்கத்திலோ இருக்கும், மூன்று மாதத்துக்கு உட்பட்டதாகக் கேளுங்கள். கவுன்டரில் கேட்டால் முறைப்பார்கள், கூட்டமில்லாத மதிய நேரத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பழுப்புக் கண்ணாடிதான் நல்லது. பச்சை, வெள்ளைப் பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு ஒரு மட்டமான நாற்றம் வரும். கூலிங் இல்லாத ஸ்ட்ராங்கை அன்றைக்கே குடிக்க வாங்காதீர்கள், ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து அவசரப்படுத்துவதும் மறந்துபோய் வெடிப்பதும் எல்லா வீட்டிலும் நடந்த கதை. கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள், வாயுவில் கொஞ்சம் வெளியேறினால் வயிறு அவ்வளவாக உப்பாது. ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்வது இந்தப் பீருக்குச் சரியான அளவு. குளிர் இறங்கும் முன் முடிந்துவிடும், நான் மேலே சொன்ன கடைசிக் கால் பாட்டில் பிரச்சினையே வராது. தொட்டுக்கொள்ள இனிப்பில்லாத காரம், வறுத்த கடலையோ மிளகு போட்ட எதுவோ. கோபி மஞ்சூரியன் வேண்டாம், அதிலும் சர்க்கரை.

பக்கத்தில் சாதா பீர் இருந்தால், அதாவது 5 சதவீதத்துக்குக் கீழே உள்ள கிங்ஃபிஷர் பிரீமியமோ வேறு எதுவோ, என் ஓட்டு அதற்குத்தான், பத்துக்கு ஏழு. அதே ஆலை, அதே தண்ணீர், ஆனால் நெடி இல்லை, கடைசி மடக்கு வரை குடிக்க முடிகிறது. பிரச்சினை, கடையில் அது இருக்காது. "ஸ்ட்ராங் மட்டும்தான் ஓடுது சார், மைல்டு எடுத்தா தேங்கிடும்" என்பார் விற்பனையாளர், அவர் சொல்வதும் உண்மைதான். டின்னில் தேடலாம் என்றால், 2025 ஏப்ரலில் அலுமினிய டின்னுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் தரச் சான்று கட்டாயமானதிலிருந்து இறக்குமதி சிக்கலாகி, பீர் கம்பெனிகளே டின் இல்லை என்று மத்திய அரசிடம் மனு கொடுத்தன. கண்ணில் பட்டால் 500 மில்லி மைல்டு டின் இரண்டாக எடுத்துவிடுங்கள், அடுத்த முறை போகும்போது இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.